அப்பாவின் பெயரில் ஒரு சுழி குறைகிறது: கையில் குத்திய பச்சையை என்ன செய்வது?

சுசீந்திரம் தேரடி:
கடந்த ஆண்டு என் தந்தையார் காலமானபோது, அவருடைய பெயரை இடது முன்கையின் உட்புறத்தில் கறுப்பு மையால் குத்திக்கொண்டேன். அப்போது கொச்சியில் வேலை பார்த்ததால், கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டி வந்த தமிழ் வடிவத்தையே அங்கிருந்த ஒரு டாட்டூக்காரரிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எனக்கோ அன்றைய மனநிலையில் சரிபார்க்கத் தோன்றவில்லை. ஆண்டுத் திதியன்று நான்காம் வகுப்பு படிக்கும் அக்காள் மகள் என் கையைப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "மாமா, தாத்தா பெயருக்கு மூணு சுழி அல்லவா?" என்று கேட்ட பிறகே, 'தாணுமாலயன்' என்பது 'தானுமாலயன்' என்று இருப்பதைக் கண்டேன். முழுவதையும் அழிப்பதா, அந்த எழுத்தை மட்டும் திருத்துவதா, தோல் நிற மையால் மறைப்பதா என்று தெரியவில்லை. முந்திரித் தோட்டு எண்ணெயை வைத்தால் போய்விடும் என்கிறார் ஓர் உறவினர்.

குளச்சல் அலை:
முதலில் அந்த எண்ணெயை மறந்துவிடுங்கள். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்தவர்களின் விரல்களைப் பார்த்தவர் எவரும் அதைத் தோலில் வைக்கச் சொல்லமாட்டார். பச்சை போகாது, தழும்புதான் மிஞ்சும்.

என் மணிக்கட்டில் இருந்த ஒரு பெயரை லேசர் மூலம் எடுத்தேன். மை தோலின் உள்ளடுக்கில் தங்கியிருப்பதால் மேலே தேய்த்து எதுவும் ஆகாது. லேசர் அந்த மைத்துகளைப் பொடியாக்க, உடலே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நான் ஏழு முறை சென்றேன். நம்மைப் போன்ற கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமே பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர் சொல்லி, ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே தொடங்கினார். மை போய்விட்டது, ஆனால் அந்த இடம் இன்னும் வெளிறியே இருக்கிறது, சாய்வான வெளிச்சத்தில் பெயரின் நிழல்கூடத் தெரிகிறது. கறுப்பு மையாக இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. பச்சை நிற மையும் மஞ்சள் நிற மையும் எளிதில் போவதில்லை.

கோட்டாறு ஊசி:
நான் டாட்டூ போடுபவன். தோல் நிற மை வேண்டவே வேண்டாம். சில மாதங்களில் அது திட்டாகத் தெரியும். அதைவிட, அந்த மைகளில் டைட்டானியம் டையாக்சைடும் இரும்பு ஆக்சைடும் இருப்பதுண்டு என்பதால், பின்னாளில் லேசர் பட்டால் கறுத்துவிடக்கூடும்.

இரண்டு சுழி ன-வை மூன்று சுழி ண-வாக்க இடப்பக்கம் ஒரு சுழி சேர்த்தால் போதும். அதற்கு முந்தைய எழுத்தின் காலுக்கும் ன-வுக்கும் நடுவே இடம் வேண்டும், அவ்வளவுதான். நெருக்கமாக இருந்தால், அந்த ஓர் எழுத்தை மட்டும் ஓரிரு முறை லேசரில் மங்கவைத்து, தோல் முழுவதும் ஆறிய பின் அதன்மேலேயே ணு-வை எழுதலாம். மங்கவைப்பது முழுவதும் அழிப்பதைவிடக் குறைந்த வேலை. கையை நீட்டி வைத்து அளந்து பாருங்கள், மடக்கினால் அளவு மாறிவிடும்.

தக்கலை முன்னாள் தமிழாசிரியர்:
தாணு என்பது சிவனையும், மால் என்பது திருமாலையும், அயன் என்பது நான்முகனையும் குறிப்பதால், "ஒரு சுழிதானே" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி. ஆயினும் முழுப்பெயரையும் அழிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். (கைப்பேசியில் தட்டச்சு செய்து வரும் திருமண அழைப்பிதழ்களில் இதே பிழையை வாரந்தோறும் பார்க்கிறேன், அவற்றையாவது கிழித்துப் போட்டுவிடலாம்.) திருத்துவதானால் எழுத்தைக் காகிதத்தில் கையால் எழுதி, தமிழ் அறிந்த இருவரிடம் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.

சுசீந்திரம் தேரடி:
அனைவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன், காலுக்கும் ன-வுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. எனவே ஊசி அண்ணன் சொன்னபடி அந்த எழுத்தை மட்டும் மங்கவைக்கலாம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் கையைக் காட்டி, என் தோலுக்கு லேசர் ஒத்துவருமா என்று கேட்கப் போகிறேன். காகிதத்தில் அக்காள் மகளே எழுதித் தந்திருக்கிறாள், மூன்று சுழியையும் கொஞ்சம் பெரிதாகவே போட்டு.