மங்கோலியாவில் 12 நாள், வாடகை பைக்கில்: இந்தத் திட்டம் நடக்குமா?

கொலுசுப்பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆனி முகூர்த்த ஆர்டரைக் கொடுத்து முடித்தால் ஆடி முழுக்க வேலை மந்தம்தான். அதனால் ஜூலை 10 கிளம்பி 22 திரும்பலாம் என்று இருக்கிறேன்.

ஓட்டுவதில் பயம் இல்லை. ஞாயிறு தவறாமல் ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டு, குப்பனூர் பக்கம் இறங்குகிற ஆள் நான். 2022இல் லடாக்கும் போய் வந்தாயிற்று.

திட்டம் இது: முதல் மூன்று நாள் தலைநகர் உலான்பாதரில் நாதம் திருவிழா. அடுத்த மூன்று நாள் கோபி பாலைவனம். பிறகு இரண்டு நாள் பழைய தலைநகரம் இருந்த கார்கோரின், இரண்டு நாள் குவ்ஸ்குல் ஏரி, கடைசி இரண்டு நாள் மேற்கே ஓல்கீ போய்க் கழுகு வைத்து வேட்டையாடுகிறவர்களின் திருவிழா. உலான்பாதரில் பைக் வாடகைக்கு எடுத்துத் தனியாக ஓட்டுவேன். கூடாரம் என்னிடம் இருக்கிறது.

அப்பா போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஒரு டீக்கடைகூடக் காணோமே" என்றார். அதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சும்மா_இருப்பவன்:

அந்தக் காசில் மாலத்தீவு போய் மல்லாக்கப் படுத்துக்கொள்ளலாமே நண்பா.

நாகலூர்க்காரன்:

தம்பி, நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். கொஞ்சம் காபி, ஊடே மிளகு. வயது 58. 2018 ஆகஸ்டில் மூன்று நண்பர்களோடு அங்கே 16 நாள் இருந்தேன். உங்கள் திட்டத்தை மூன்று தடவை படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதியை வெட்டுங்கள்.

நாட்டின் அளவை முதலில் மனசுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள். பரப்பு 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல 12 பங்கு. மக்கள் வெறும் 35 லட்சம் பேர், அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் உலான்பாதரிலேயே அடைந்து கிடக்கிறார்கள். மிச்ச இடத்தை ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சேர்ந்து சுமார் ஆறு கோடி உருப்படி பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்பாவிடம் சொல்லுங்கள், டீக்கடை இல்லைதான். ஆனால் டீ உண்டு, பிறகு சொல்கிறேன்.

தூரக் கணக்கு. உலான்பாதரிலிருந்து கார்கோரின் ஏறக்குறைய சேலம் – சென்னை தூரம். தார் ரோடு, பிரச்சினை இல்லை. கோபிக்குப் போகிற வழியில் தலன்சத்கத் ஊர்வரைக்கும் தார் உண்டு, 550 கி.மீ.க்கு மேல். அதற்கு அப்புறம் மண் தடம். அதை ரோடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தடம் குழி விழுந்தால் அடுத்த வண்டிக்காரன் பக்கத்திலேயே புதுத் தடம் போடுவான், அது கெட்டால் இன்னொன்று. ஓரிடத்தில் எங்கள் முன்னால் பதினேழு தடம் கிடந்தது, இறங்கி நின்று எண்ணினேன். எல்லாம் ஒரே ஊருக்குத்தான் என்று டிரைவர் கையை விரித்துச் சிரித்தார். மூன்று தடம் தள்ளிப் போனதில் நாங்கள் ஒரு மலையையே தப்பாகச் சுற்றினோம். இந்தத் தடங்களில் மணிக்கு 30, 40 கி.மீ. போனால் நல்ல வேகம். தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருக்கும், பல் ஆடும்.

ஓல்கீயை மறந்துவிடுங்கள். தலைநகரிலிருந்து 1,600 கி.மீ.க்கு மேல். சேலத்திலிருந்து கிளம்பினால் நாக்பூர் தாண்டி இருப்பீர்கள். குவ்ஸ்குலிலிருந்து குறுக்கே போகலாம் என்றால் நான்கு நாளாவது வேண்டும். இன்னொன்று, அந்தக் கழுகுத் திருவிழா நடப்பது அக்டோபர் தொடக்கத்தில். ஜூலையில் போனால் திருவிழா ஏது? நாதம் மட்டும் உங்கள் தேதிக்குப் பொருந்தும், ஜூலை 11 முதல் 13. மல்யுத்தம், வில், குதிரைப் பந்தயம். பந்தயக் குதிரை மேல் உட்கார்ந்து வருவதெல்லாம் சின்னப் பிள்ளைகள்.

நாங்கள் போனது ஃபர்கோன் என்கிற ரஷ்ய வேனில். ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும். 1965இலிருந்து பெரிய மாற்றம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே, ஒரு பெட்டிக்குள். நடுவழியில் வண்டி நின்றால் டிரைவர் வெளியே இறங்கவே வேண்டாம், மூடியைத் தூக்கி உள்ளேயே கையை விடுவார். எங்கள் தோட்டத்துப் பழைய ஜீப்பை முப்பது வருஷமாக நான்தான் பிரித்து மாட்டுகிறேன், எனக்கே வாய் அடைத்துப் போயிற்று. கார்புரேட்டரை வெற்றிலைப் பாக்குத் தட்டு மாதிரி மடியில் வைத்துச் சுத்தம் செய்தார். தனி ஆளாக பைக்கில் போய் இப்படி நின்றால் அடுத்த வண்டி ஒரு மணி நேரத்தில் வரலாம், மறுநாள் வரலாம். முதல் தடவை டிரைவரோடு போங்கள்.

இனி டீ. வட்டமான வெள்ளைக் கூடாரத்துக்கு கெர் என்று பெயர். வாசல் எப்போதும் தெற்குப் பார்த்திருக்கும். வாசற்படியை மிதிக்கக் கூடாது, நம் வீடுகளிலும் திட்டுவார்களே, அதே கதைதான். உள்ளே போனதும் யாரும் பேர் ஊர் கேட்பதில்லை, கிண்ணத்தில் சுடச்சுடப் பால் டீ வந்துவிடும். உப்புப் போட்டது. நான் சர்க்கரை என்று நினைத்து முதல் வாயில் திணறினேன். மூன்றாம் நாள் நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். வாங்கும்போது வலது கை. அடுப்பில் எரிவது காய்ந்த சாணம். ஆர்கல் என்பார்கள், அப்பட்டமான நம்ம வறட்டி. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு என் பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது.

அழகாபுரம்_அக்கா:

அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன். 2023இல் போனேன், சைவம். நகரத்துக்குள் சமாளிக்கலாம், சைவ உணவகங்கள் இருக்கின்றன. வெளியே வந்துவிட்டால் ஆட்டுக்கறி, பால், தயிர், மாவு, அவ்வளவுதான். ஊர்க் கடைகளில் அரிசி, உருளை, கோஸ், கேரட் கிடைத்தன. நான் எடுத்துப் போன பருப்புப் பொடியும் ஊறுகாயும்தான் என்னைக் காப்பாற்றின. சுய்வன் என்று கையால் அறுத்த நூடுல்ஸ், கறி போடாமல் கேட்டால் செய்து தருகிறார்கள், கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு.

கெர் கூரை மேல் ஆரூல் காயும், பார்த்திருப்பீர்களே அண்ணா. தயிரைப் பிழிந்து துண்டு போட்டு வெயிலில் வைப்பது. கீழே நின்று பார்த்தால் மொட்டை மாடியில் வத்தல் காய்கிற மாதிரியேதான். கடித்தேன், கல். வாயில் ஒதுக்கி ஊறவிட வேண்டுமாம். சேலத்தில் வாயில் போட்டால் ஒரு துண்டு ஆத்தூர்வரை தாங்கும்.

ஐராக் என்பது குதிரைப்பால் புளித்தது, லேசாகப் போதை உண்டு. பனங்கள்ளும் புளித்த மோரும் கலந்த ருசி என்று கூட வந்தவர் சொன்னார். தருவதைத் தள்ளாதீர்கள், உதட்டில் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். முதல் நாளே ஒரு கிண்ணம் குடித்தவர் ராத்திரி பட்ட பாட்டை எழுத மாட்டேன்.

பெண்கள் யாராவது படித்தால்: கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம், ஒரு புதர் கிடையாது. பெரிய குடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு அல்ல.

ரோட்டோரம்:

யாரும் லைசென்ஸைப் பேசவில்லையே? நம் ஆர்டிஓ தருகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி. மங்கோலியா இருப்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தில். வாடகைக் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் பைக் கொடுத்துவிடுவார். விபத்து ஆனால் காப்பீட்டுக்காரர், உங்கள் அனுமதி இங்கே செல்லாது என்று அதை எடுத்து நீட்டுவார். எனக்கு வேறு ஒரு நாட்டில் இப்படித்தான் கைக்காசு போனது. பாலிசியில் பைக்கும் குதிரை ஏற்றமும் சேர்த்தியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாவுக்குத் தில்லியில் மங்கோலியத் தூதரகம் இருக்கிறது, நேரே அங்கேயே விசாரியுங்கள்.

கொலுசுப்பட்டறை:

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வறட்டி இடத்தில் மட்டும் தலையாட்டினார்.

ஓல்கீயை வெட்டிவிட்டேன். குவ்ஸ்குலையும் வெட்டினேன், மனசில்லாமல்தான். 136 கி.மீ. நீள ஏரியை இரண்டு நாளில் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வருவதில் என்ன இருக்கிறது? இப்போது நாதம், கோபி, திரும்பும் வழியில் கார்கோரின். பைக் இல்லை, டிரைவரோடு ஃபர்கோன், செலவைப் பங்கு போட மூன்று பேர் தேடவேண்டும். அண்ணா, இரண்டு கேள்வி. குளிர் எப்படி? கோபியில் ஒரே இடம் என்றால் எது?

நாகலூர்க்காரன்:

உலான்பாதர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடத் தாழ்வு. அதை நம்பி ஏமாறாதீர்கள். பகலில் சேலத்து மார்கழி வெயில் மாதிரி இருக்கும், ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஜூலை, ஆகஸ்ட்தான் அங்கே மழைக்காலமும். எங்களுக்கு ஒரு மாலை ஆலங்கட்டி விழுந்தது, வேன் கூரையில் சத்தம் கேட்டு ஒருவரோடு ஒருவர் பேசவே முடியவில்லை. நல்ல ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பழைய சாக்ஸ் நிறைய.

கோபியில் எல்லோரும் கோங்கோரின் எல்ஸ் மணல்மேட்டைச் சொல்வார்கள், 100 கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கும், பார்க்கத்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது பாயன்சாக். சாயங்காலம் செம்மண் பாறை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். 1923இல் அமெரிக்க ஆய்வாளர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்தது இங்கேதான். நான் அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்து காபி கேட்டேன். நம் தோட்டத்துப் பொடி, பிளாஸ்கில் வெந்நீர். டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு உப்பு இருக்கிறதா என்று கேட்டார்.

ஒன்றை மறந்தேன். கெர் பக்கம் போகும்போது வண்டியிலிருந்து இறங்குமுன் "நொகோய் கோர்" என்று கத்த வேண்டும். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். அங்கே வணக்கத்துக்குப் பதிலாக அதுதான்.

கொலுசுப்பட்டறை:

நாயா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா. எவ்வளவு பெரிது?

நாகலூர்க்காரன்:

கன்றுக்குட்டி அளவு. ஞாயிறு ஒண்டிக்கடைக்கு வருவீர்கள் இல்லையா, அங்கே இருக்கிற நாலு நாயிடம் கத்திப் பழகுங்கள். டீ என் கணக்கு.