முதல் பால் பைத்தான் (ball python) பாம்பு வருது, என்னென்ன தயார் பண்ணணும்?

பாரூர்_ஏரிக்கரை:
காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, மேல ஆஸ்பெஸ்டாஸ். அடுத்த மாசம் பால் பைத்தான் குட்டி வாங்கலாம்னு இருக்கேன். 2 அடி கண்ணாடித் தொட்டியும் ஹீட் மேட்டும் (கரண்ட்ல சூடாகுற விரிப்பு) வாங்கியாச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு மேட் தேவையா? தெரிஞ்சவர் ஒருத்தர் மண்ணுளிப் பாம்பு பிடிச்சுத் தர்றேங்கிறார், பழகுறதுக்கு அதை வச்சுக்கலாமா?

ஓசூர்_கூண்டு:
மண்ணுளி பேச்சையே விடுங்க தம்பி. நம்ம காட்டுப் பாம்பு எதை வச்சிருந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மண்ணுளி, சாரை எல்லாம் அதுல அடக்கம். பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, சைட்டிஸ்ங்கிற (CITES) உலக வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. அதனால கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் (PARIVESH) இணையதளத்துல பதிவு பண்ணணும். பில்லும் வித்தவரோட பதிவு விவரமும் தராத ஆள்கிட்ட வாங்காதீங்க.

மேட் கண்டிப்பா வேணும். மார்கழி ராத்திரி குளிர்ல தின்ன இரை செரிக்காம வாந்தி எடுத்துடும். ஆனா தெர்மோஸ்டாட் (வச்ச அளவுக்குச் சூடு வந்ததும் மேட்டை நிறுத்துற கருவி) இல்லாம மேட்டை ஆன் பண்ணவே கூடாது. தரை சுடுதுன்னு பாம்பு உடனே நகராது, வயித்துத் தோல் வெந்துபோகும். மேட்டைத் தொட்டிக்கு அடியில, வெளிப்பக்கமா, ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டுங்க. தெர்மோஸ்டாட்டோட சென்சர் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல. உள்ள தரை 32 டிகிரி, எதிர் ஓரம் 26. ரெண்டு ஓரத்துலயும் உடம்பு இறுக்கமா அடங்குற ஒளிவிடம் ஒண்ணொண்ணு. பாம்பு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எல்லாத்தையும் ஓடவிட்டு அளவு எடுங்க.

உங்களுக்குப் பெரிய கவலை சித்திரை வெயில்தான். தெர்மோஸ்டாட் சூட்டை நிறுத்தும், குளிர வைக்காது. ஆஸ்பெஸ்டாஸ் ரூம் 35 தாண்டினா ஆபத்து. கூரைக்கு நேர் கீழ இல்லாத ரூம் இருந்தா அங்க மாத்துங்க. இல்லேன்னா ஏசி வச்சிட்டு வாங்குங்க.

தர்மபுரி_செதில்:
தரைக்குத் தேங்காய் நார்த்தூள் நல்லது, உங்க பக்கம் நார் மில்லுக்குப் பஞ்சமில்லை. உரம் கலக்காததா வாங்கி, ரெண்டு மூணு தண்ணி மாத்தி உப்பை எடுங்க. கையில அள்ளி அழுத்தினா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. சொட்டினா வயித்துச் செதில் அழுகும். ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கட்டும். குறைஞ்சா சட்டை துண்டு துண்டா உரியும், கண் மேல இருக்குற சட்டை கழலாம ஒட்டிக்கும்.

ஆனா முதல் மாசம் வெறும் டிஷ்யூ பேப்பர்தான் போடுவேன். உண்ணியும் கழிச்சலும் அதுல சட்டுனு தெரியும். அந்த மாசத்துக்கு ஒரு டப்பாவுல ஈரப்பாசி போட்டு ஒளிவிடமா வச்சுடுங்க.

பாரூர்_ஏரிக்கரை:
நன்றிண்ணா. இரைக்கு வயக்காட்டு எலி போடலாமா?

தர்மபுரி_செதில்:
வேண்டவே வேண்டாம். எலி மருந்து தின்ன எலியா இருந்தா பாம்பும் போயிடும், ஒட்டுண்ணியும் தொத்தும். உயிர் எலி திருப்பிக் கடிச்சுடும். உறைய வச்ச எலி மாசாமாசம் கிடைக்குமான்னு முதல்ல உறுதி பண்ணுங்க, அதுக்கப்புறம் பாம்பு. எலி பாம்போட நடு உடம்புப் பருமன் இருந்தா போதும், குட்டிக்கு வாரம் ஒண்ணு. ராத்திரி ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல இளக விட்டு, கவரோட சுடுதண்ணியில போட்டு, மேல்தோல் 38 டிகிரி வந்ததும் இடுக்கியில பிடிச்சுக் காட்டுங்க. சில்லுனு இருந்தா இந்த ஜாதி திரும்பியே பார்க்காது.

வாங்குற இடத்துலயே உறைஞ்ச எலியைத் தின்னுதான்னு கண்ணால பாருங்க. வீட்டுக்கு வந்த முதல் வாரம் இரையும் வேண்டாம், கையில எடுக்கவும் வேண்டாம்.

ஓசூர்_கூண்டு:
தொட்டி மூடிக்கு ரெண்டு பக்கமும் பூட்டுக் கிளிப் போடுங்க. வெளிய வந்துட்டா நம்ம தெருவுல அதை யாரும் விஷமில்லாததுன்னு நின்னு பார்க்க மாட்டாங்க, அடிச்சிடுவாங்க. அந்த ரூம்ல கொசுவத்தி, ஹிட் ஸ்ப்ரே, அந்துருண்டை கூடவே கூடாது. எறும்பு ஏறாம ஸ்டாண்டு கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்துங்க. ஊர்வன பார்க்குற டாக்டர் எங்க இருக்கார்னு இப்பவே விசாரிச்சு நம்பர் வாங்கி வைங்க, ஆட்டுக்கும் மாட்டுக்கும் பார்க்குற எல்லாருக்கும் பாம்பு பழக்கம் இருக்காது.