மறு: எட்டாம் வகுப்பு கீழடிப் பயணம் – வசூல்

சங்கத்தாருக்கு வணக்கம். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கீழடி அகழாய்வையும் அருங்காட்சியகத்தையும் பார்க்க அனுப்ப வெளிநாட்டில் இருக்கும் நாம் பணம் திரட்டுவது பற்றி எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் அனுப்பிய மதிப்பீட்டில் 92 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள், ஒரே பேருந்து. 55 இருக்கை வண்டி இரண்டு வேண்டும். செலவில் பெரும்பங்கு வாடகைதான். நுழைவுச் சீட்டு சில்லறை. ஓட்டுநர் படி, சுங்கச்சாவடி, குறைந்தபட்ச கிலோமீட்டர் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். போன தடவை கணக்கு இடித்தது இங்கேதான்.

பெரியம்மா ஊரில் பார்த்தது இன்னும் மோசம். போன பயணத்துக்கு வந்தது வெள்ளை நம்பர் பிளேட் வண்டியாம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ்காரன் கைவிரிப்பான். பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் நகல் வந்த பிறகே அட்வான்ஸ்.

அடுத்து, பணம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றியவர்கள் அனுப்பினால் ஆகும், ஓ.சி.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடை வாங்க வேண்டிய எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு நம் சங்கத்துக்குக் கிடையாது. பதிவுள்ள வேறு அமைப்பு வழியாக வாங்கலாம் என்று மாமா சொன்னதும் நடக்காது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. குடியுரிமை மாற்றியவர்கள் இந்த முறை பொறுத்துக்கொள்ளவும்.
– குமரேசன், தோகா

குமரேசா, அந்தப் பள்ளிக்கு மனை கொடுத்தது எங்க அப்பா. இப்ப என் காசு வெளிநாட்டுக் காசா? கோயில் கொடைக்கு என் பேரை முதல்ல போட்டு வாங்கினப்ப இந்தச் சட்டம் எங்கே போச்சு? எங்க காலத்துல நாயக்கர் மகாலுக்கு லாரியில ஏத்திட்டுப் போனாங்க, எவன் பெர்மிட் கேட்டான்? தம்பி பேருக்கு அனுப்புறேன், அவன் கட்டட்டும்.
– மாமா, நியூஜெர்சி

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகமும் அகழாய்வுக் குழிகளும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டும் பார்க்கவேண்டுமென்றால் வண்டி மறுபடி நகரவேண்டும், அந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 92 பேரும் ஒன்றாக நுழைந்தால் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும். 23 பேர் வீதம் நான்கு குழு, குழுவுக்கு ஓர் ஆசிரியர். மீதி இருவரில் ஒருவர் வாசலிலேயே நிற்கட்டும். தமிழி (பழந்தமிழ் எழுத்து) அட்டையை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் பானை ஓட்டில் கீறியிருக்கும் 'ஆதன்', 'குவிரன்' பெயர்களைப் பிள்ளைகள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். அது இல்லாமல் போனால் ஓடு வெறும் ஓடுதான். அச்சுச் செலவு மதிப்பீட்டில் இல்லை, சேருங்கள். பெற்றோர் சம்மதக் கடிதமும் கல்வி அலுவலர் அனுமதியும் கைக்கு வராமல் தேதி குறிக்க வேண்டாம். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்றைக்கு என்று போனில் கேட்டுவிடுங்கள்.
– செல்வி, சிங்கப்பூர்

மாமா, தம்பி தன் சம்பாத்தியத்தில் கொடுத்தால் ரசீது அவர் பேரில் வரும். உங்கள் பணம் அவர் கை வழியாக வந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடையே. கோயில் கொடைப் பேச்சை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அந்த ரசீதுப் புத்தகத்தை உங்கள் மச்சான் இன்னும் சங்கத்தில் ஒப்படைக்கவில்லை.
– குமரேசன்