தடக்கலா, திணறலா? தரவிறக்கும்போது கணினிக்கு வரும் வருத்தத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கணினியில் ஒலியும் படமும் நின்று நின்று ஓடுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டட்டர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய இழையில் இதுவரை ஐந்து சொற்கள் வந்துவிட்டன: திக்கல், திணறல், தடங்கல், விக்கல், துள்ளல். விக்கலை விளையாட்டாகச் சொன்ன மட்டக்களப்பு அக்கா அதைத் தானே மீளப் பெற்றுக்கொண்டார். துள்ளலை யாரும் தொடவில்லை. பழுதுக்கு வைக்கிற பெயர் இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாதுதான். மிச்சம் மூன்றைப் பற்றியும் எழுத வேண்டும். அதற்கு முன்னால், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறாவதாக ஒரு சொல்லோடு நான் வருவதற்கு அவர்தான் காரணம்.

பெரியம்மாவின் கணினி பழையது. 4 ஜிபி ராம், சுழல்கிற வகை வன்தட்டு. பின்னேரம் விளக்கு வைத்த பிறகு அதில் தேவாரம் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிடுவார். அதே நேரத்தில்தான் பேரன் உயர்தரப் பரீட்சைக்கான பாட வீடியோக்களைத் தரவிறக்குவான். ஒருநாள் எனக்குத் தொலைபேசி வந்தது. “தம்பி, இவன் உந்த டவுன்லோடைப் போட்டானெண்டால் பாட்டுத் தடக்குப்படுதடா. அந்த அம்பும் நிண்டு நிண்டுதான் ஓடுது.”

நான் அதைக் கடைக்காரத் தம்பியிடம் சொல்லும்போது, கோவை ஐயா இங்கே முன்மொழிந்த அதே சொல்லைத்தான் பயன்படுத்தினேன்: “கம்பியூட்டர் திணறுது.” அவர் யோசிக்கவே இல்லை. “திணறுதெண்டால் ராம் காணாது அண்ணே” என்று இன்னொரு 4 ஜிபியைப் போட்டுவிட்டார். காசும் போயிற்று. பாட்டு முன்புபோலவே தடக்கியது.

அப்புறம்தான் நானே உட்கார்ந்தேன். முதல் கேள்வி, பழுது இணைப்பிலா கணினியிலா என்பது. பெரியம்மா கேட்கும் தேவாரம் வன்தட்டிலேயே இருக்கிற கோப்பு. இணையத்தில் இருந்து வருவதில்லை. அதுவும் தடக்குகிறது, மவுசின் அம்பும் தடக்குகிறது என்றால் பழுது வீட்டுக்குள்ளேதான். இணைப்பு நெரிந்தால் இணையத்தில் இருந்து வருகிற படம் நிற்கும், சூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் பிந்தி வரும்; அம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இணைப்பு நிறுவனத்துக்கு அழைத்து ஏசுகிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தேன். தரவிறக்கம் ஓடும்போது புரொசெஸர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ராமில் பாதி சும்மா கிடந்தது. வன்தட்டு மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. பழைய வன்தட்டு என்றால் எழுதும்போது கொஞ்சம் திக்குமுக்காடும் என்பது உண்மைதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லி வினாடிக்கு மேல் எடுக்கும். தட்டை வாசிக்கும் தலை இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் இடங்களுக்கு வினாடிக்கு எண்பது, நூறு தடவைக்கு மேல் போய்வர அதனால் முடியாது. டொரண்ட் போலத் துண்டு துண்டாக வரும் கோப்புக்கு இது வதைதான். ஆனால் பேரன் இறக்கியது நேர்வரிசையில் வரும் சாதாரண வீடியோ. அதற்கு இந்தப் பாடு படக் கூடாது.

அடுத்து, தரவிறக்கத்தை ஒரு பென் டிரைவுக்குத் திருப்பிவிட்டேன். பாட்டு ஒழுங்காக ஓடியது, கிட்டத்தட்ட. அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குப் பிறகு வருகிறேன். வன்தட்டுகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் 199 ஆம் இலக்கம், கேபிள் வழியே போகும்போது கெட்டுப்போன தரவுகளின் எண்ணிக்கை. சில மென்பொருள்கள் அதைப் பதினறும எண்ணில் சி7 என்று காட்டும். பெரியம்மாவின் வன்தட்டில் அது 1,312. தரவிறக்கத்தை மீண்டும் வன்தட்டுக்கே போட்டதும் கண் முன்னாலேயே ஏறியது. தட்டில் பிழையில்லை, கேபிளில்தான். கழற்றிப் பார்த்தால் இணைப்பானின் முனை மங்கிப்போய் இருந்தது. வாடைக்காற்று கடலை அள்ளிக்கொண்டு ஜன்னலால் வரும் வீடு. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, வேறு என்ன எதிர்பார்ப்பது. இடைக்கிடை தரவு பிழையாகப் போய், திருப்பிக் கேட்கப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்டு... அந்த இடைவெளியில் பாட்டுக்கோப்பை வாசிக்கிற மென்பொருளும் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இன்னும் மோசம். இப்படி ஆறு பிழை சேர்ந்தால் அது தட்டின் வேகத்தை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்கு இறக்கிவிடும். அதில் ஒவ்வொரு தரவையும் புரொசெஸரே தூக்கிச் சுமக்க வேண்டும்.

கேபிளை மாற்றினேன். பெரிய தடக்கல் போய்விட்டது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘திணறல்’ நல்ல தமிழ், எல்லா ஊரிலும் விளங்கும். ஆனால் அது நோயின் அறிகுறியைச் சொல்லும்போதே காரணத்தையும் தீர்மானித்துவிடுகிறது: சுமை கூடிப்போயிற்று, தாங்க முடியவில்லை என்று. பெரியம்மாவின் கணினியில் சுமையே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் கடைக்காரர் ராம் விற்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லைத் தேர்ந்தவன் நான். காய்ச்சல் என்ற சொல் மலேரியாவா டெங்குவா என்று சொல்வதில்லை. அதுபோல அறிகுறிக்கு வைக்கும் பெயர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

‘திக்கல்’ சில இடங்களில் அச்சொட்டாகப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஒலி அட்டைக்கு நேரத்துக்குத் தரவு வராவிட்டால், சிலவேளை கையில் இருந்த கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கும்: ‘தோ-தோ-தோடு’ என்று. அது திக்கலேதான். ஆனால் அம்பு திக்கியது, படம் திக்கியது என்று எழுத முடியவில்லை. அதைவிட முக்கியமாக, பேச்சில் திக்குகிற மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஏற்கனவே அந்தச் சொல்லால் பட்டது போதும். இயந்திரப் பழுதுக்கும் அதே பெயரை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

‘தடங்கல்’ பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் நீளமாக எழுதியிருந்தார். அவருக்கு என் பதில் ஒரே வரி: “தடங்கலுக்கு வருந்துகிறோம்.” தொலைக்காட்சித் திரையில் அந்த வாசகம் வந்தால் நாங்கள் எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவோம். தடங்கல் என்றால் முழுதாக நின்றுவிட்டது என்றுதான் இரண்டு தலைமுறைக்குப் பதிந்திருக்கிறது. நாம் பேசுவது நின்று நின்று ஓடுவதை.

ஆகவே பெரியம்மாவின் சொல்: தடக்கல். தடக்கி விழுதல், தடக்குப்படுதல் எல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நடந்துகொண்டிருக்கிறவன் கால் தடக்கினால் ஒரு கணம் நிலைகுலைகிறான், பிறகு நடையைத் தொடர்கிறான். ஓட்டம், கணநேர முறிவு, மீண்டும் ஓட்டம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கல் தடக்கியதா வேர் தடக்கியதா என்று அது சொல்வதில்லை. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: ஒலி தடக்குகிறது, படம் தடக்கியது, தடக்காத இயக்கம்.

சென்னை நண்பருக்கு இது ஈழத்துப் பேச்சுச் சொல், தமிழகத்தில் விளங்காது என்று தயக்கம். இங்கே அமுக்கம், அங்கே அழுத்தம்; இங்கே வலு, அங்கே திறன் என்று ஒரே பௌதிகம் இரண்டு கரையில் இரண்டு பெயரோடு திரிவதைப் பார்த்தவர்கள் நாம். அந்தத் தயக்கம் நியாயம். ஆனால் நீங்கள் ‘தடுக்கி விழுந்தான்’ என்பீர்கள் அல்லவா? அதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இது. தடை, தடு, தடுமாறு என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் யாரும் அகராதி தேடப் போக மாட்டார்கள்.

இப்போது அந்தக் ‘கிட்டத்தட்ட’. கேபிளை மாற்றிய பிறகும், தரவிறக்கத்தின்போது பாட்டின் அடியில் மெல்லிய சரசரப்பு ஒன்று இருந்தது. பெரியம்மா அதைக் கவனிக்கவில்லை; எனக்குத்தான் பொறுக்கவில்லை. லேட்டன்சிமொன் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், வலையமைப்பு அட்டையை ஓட்டும் மென்பொருளான இயக்கி (டிரைவர்) நேரத்தை விழுங்குவதாகக் காட்டியது. விசாரித்தபோது பேரன் ஒப்புக்கொண்டான். விளையாட்டு வேகமாக ஓடும் என்று ஏதோ வீடியோ சொன்னதைக் கேட்டு, வலையமைப்பு அட்டையின் ‘இன்டரப்ட் மொடரேஷன்’ அமைப்பை அணைத்து வைத்திருக்கிறான்.

இந்த இடம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லத் தக்கது. இணையத்தில் தரவு பொதி பொதியாக வரும். ஒரு பொதி என்பது பெரும்பாலும் 1,500 பைட். 100 மெகாபிட் வேகத்தில் வினாடிக்கு 8,000 பொதிகளுக்கு மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் அட்டை புரொசெஸரின் தோளைத் தட்டி ‘வந்திருக்கிறது’ என்று குறுக்கிட்டால், பாட்டுக்கான வேலை பிந்தும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலியின் நுண்ணிய அளவீடுகள், ஓடும் ஒலிக்கு 10 மில்லி வினாடித் தாங்கி (ஒலிக்கும் வரை தரவு காத்திருக்கும் இடம், ஆங்கிலத்தில் பஃபர்) என்றால் அதில் வெறும் 480 மாதிரிகள்தான். அது தீர்வதற்குள் அடுத்தது வராவிட்டால் சரசரப்புத்தான். அதனால்தான் அட்டை கொஞ்சம் பொறுத்து, பல பொதிகளைச் சேர்த்து ஒரே குறுக்கீடாகச் சொல்கிறது. பேரன் அணைத்த ‘இன்டரப்ட் மொடரேஷன்’ இதுதான்.

இதற்கு எங்கள் ஊர் உவமை ஒன்று உண்டு. 2009இல் 396 மீற்றர் நீளத்தில் பாலம் திறக்கப்படும் வரை, பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் ‘பாதை’யில்தான் கடந்தோம். தமிழக நண்பர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை. ஒரு ஆள் வந்தார் என்று பாதை வெளிக்கிடாது. ஆள் சேர வேண்டும், அல்லது நேரம் ஆக வேண்டும். அட்டையும் அப்படியே. ஒவ்வொரு ஆளுக்கும் பாதை விட்டால் என்ன நடக்குமோ, அதைத்தான் பேரன் செய்திருந்தான். அமைப்பைப் பழையபடி இயக்கினேன், சரசரப்பு நின்றது. இந்த உத்திக்குச் ‘சேர்த்துக் கடத்தல்’ என்று பெயர் வைக்க நினைத்தேன், ஆனால் கடத்தல் என்றதும் சுங்கத் திணைக்களம் நினைவுக்கு வருகிறது. வேறு யாராவது யோசியுங்கள்.

இந்த வகைச் சரசரப்புக்கு ‘நுண்தடக்கல்’ சரியாக இருக்கும். இணைப்பு நெரியும்போது குரல் பிந்தி வருவதைத் தடக்கல் என்று எழுத வேண்டாம், அது சுணக்கம். ரவுட்டரின் வரிசையில் பொதிகள் தேங்குவதால் வருவது. தரவிறக்க வேகத்தை இணைப்பின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் பேசத் தொடங்கிய ‘பஃபர்புளோட்’ அதுதான், அதற்குத் தனி இழை தொடங்குவோம். ஒரேயடியாக அசையாமல் போனால் இறுகல். இங்கே எல்லாரும் “இறுகிட்டுது” என்றுதான் சொல்கிறார்கள்.

தடக்கல், நுண்தடக்கல், சுணக்கம், இறுகல் நான்கையும் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘தாங்கி’ வேண்டாம், ‘இடையகம்’தான் வேண்டும் என்று கோவை ஐயா சண்டைக்கு வருவார் என்று தெரியும். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து

பி.கு.: இன்று காலை போய்ப் பார்த்தேன். 199 ஆம் இலக்கம் கேபிள் மாற்றிய அன்று 1,340. இப்போதும் 1,340.