நான்கு மாதக் குழந்தையின் உச்சிக்குழி துடிக்கிறது. எண்ணெய் வைத்தால் மூடுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் தாய்

வணக்கம். சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு நான்கு மாதம். அவன் பால் குடிக்கும்போது உச்சிக்குழி நாடியைப்போல ஏறி இறங்குகிறது. குழி விரைவில் மூடவேண்டும் என்று மாமியார் நாள்தோறும் வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உச்சியில் வைத்து அழுத்தித் தேய்க்கிறார். ஆயாக்கொட்டகையில் பல பிள்ளைகளை வளர்த்தவர் என்பதால் மறுத்துப் பேசத் தயங்குகிறேன். பின்தலையில் இருந்த சிறிய குழி இப்போது கைக்குத் தட்டுப்படவில்லை. முன்னது மட்டும் ஏன் மூடவில்லை?

மறுமொழி: உயிரியல் ஆசிரியர், இடைநிலைப்பள்ளி

அது ஓட்டை அன்று. இன்னும் எலும்பாகாத, உறுதியான சவ்வு. கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருவாகிப் பின்னரே எலும்பாகின்றன. மண்டையோட்டின் மேற்கூரையோ சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது. ஒவ்வொரு எலும்புத் தட்டும் தன் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவுவதால், தட்டுகளின் மூலைகள் கூடும் இடத்துக்கு எலும்பு கடைசியாகத்தான் வந்து சேரும். முன்னுச்சியில் நெற்றியெலும்பின் இரு பாதிகளும் தலையின் மேற்பக்கங்களில் உள்ள இரண்டு சுவரெலும்புகளும் ஆக நான்கு மூலைகள் கூடுகின்றன. ஆகவே அந்தக் குழி பெரியது, சாய்சதுரமானது. பின்னால் கூடுவன மூன்றே. அந்த முக்கோணக் குழி 2 அல்லது 3 மாதங்களில் மூடிவிடும். முன்னது பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடும். சில பிள்ளைகளுக்கு 2 வயதும் ஆகலாம்.

விரைவில் மூடவேண்டும் என்ற விருப்பமே தவறு என்பேன். பிரசவத்தின்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறிக்கொள்வதால்தான் தலை குறுகிய வழியைக் கடக்கிறது. அதன்பின், பிறக்கையில் ஏறத்தாழ 35 செ.மீ. இருந்த தலைச்சுற்றளவு ஓராண்டில் 46 செ.மீ. அளவுக்கு வளர்கிறது. தட்டுகளுக்கு இடையிலுள்ள தையல்கோடுகள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் தலை கோணலாக வளரும். அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம். மண்டையோட்டுக்கு என்று மாணவர்கள் தேர்வுக்கு மனனம் செய்யும் 22 எலும்புகள் வளர்ந்தவருடைய கணக்கு. அவற்றில் ஒன்றான நெற்றியெலும்பு பிறக்கும்போது இரண்டாக இருக்கிறது. எண்ணெய்க்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி

தங்கைக்கு வணக்கம். துடிப்பு இயல்பானதே, இதயத்துடிப்பு சவ்வின் வழியாகத் தெரிகிறது. உங்கள் மாமியார் உச்சியைக் கவனிப்பது நல்ல பழக்கம். அழுத்துவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மென்மையாகத் தடவுவதால் தீங்கில்லை. குழந்தை அழாமல் இருக்கும்போது, நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். குழி உள்வாங்கி, சிறுநீரும் குறைந்திருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். காய்ச்சலோடு உச்சி புடைத்துக்கொண்டால் மூளை உறை அழற்சியாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அக்கா. இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அழுத்தவில்லை, வைக்கத்தான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டார், ஆனால் இன்று கை இலேசாகத்தான் பட்டது. தலையின் வலப்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கிறது. அதையும் தேய்த்துச் சரிசெய்யலாம் என்கிறார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி

தேய்த்து உருவாக்க அது மாவு அன்று. ஒரே பக்கம் தலைசாய்த்துப் படுப்பதால் பெரும்பாலும் அப்படி ஆகும். மல்லாக்கப் படுக்கவைத்தே தூங்கவிடுங்கள். தலையை மட்டும் பக்கம் மாற்றிவிடுங்கள். விழித்திருக்கையில், நீங்கள் அருகிலிருந்து, சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். அடுத்த தடுப்பூசிக்குக் கிளினிக் போகும்போது தலைச்சுற்றளவை அளக்கச் சொல்லி, அந்தத் தட்டையான பக்கத்தையும் காட்டுங்கள்.