கல்யாணத்துக்கு முன் அவசர டயட்: இதயம் பற்றிக் காரைக்குடிப் பக்க அனுபவப் பகிர்வு

அவசரப் பிரிவு செவிலியர், காரைக்குடி:
தை, ஆனி முகூர்த்தங்கள் நெருங்கும்போது இருபதுகளில் உள்ள பெண்கள் "படபடன்னு அடிக்குது, எழுந்தா கண்ணு இருட்டுது" என்று வருகிறார்கள். முதலில் 5 நிமிடம் படுக்க வைத்து நாடியும் பிரஷரும் பார்க்க வேண்டும். பிறகு எழுப்பி நிற்க வைத்து 1வது நிமிடத்திலும் 3வது நிமிடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். மேல் பிரஷர் 20 இறங்கினாலோ நாடி 30 ஏறினாலோ பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் குறைந்திருக்கும். விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே என்றால் அதைத் திடமான இதயம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டினிக்கு ஏற்ப உடம்பு இதயத்தை மெதுவாக்கியிருக்கலாம். ஈசிஜி எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. என்ன சாப்பிடுகிறாள், என்ன பொடி குடிக்கிறாள் என்பதை அம்மாவையோ ஆச்சியையோ வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் பாதி விஷயம் வராது.

மருந்தாளுநர், தேவகோட்டை:
அந்தப் பொடியில்தான் சிக்கல். "ஸ்லிம்மிங் டீ" பலவற்றில் இருப்பது நிலாவாரை இலை. பேதியில் போவது நீரும் பொட்டாசியமும்தான், கொழுப்பு அல்ல. தராசில் 2 கிலோ குறையும், தண்ணீர் குடித்துச் சாப்பிட்டதும் திரும்பிவிடும். இதோடு வெறும் வயிற்று எரிச்சலுக்கு பான்டோபிரசோலும் (அமிலத்தைக் குறைப்பது) டோம்பெரிடோனும் (குமட்டலுக்கானது) சேர்ந்த கேப்சூலைச் சீட்டில்லாமல் வாங்குகிறார்கள். பான்டோபிரசோலை மாதக்கணக்கில் எடுத்தால் மெக்னீசியம் குறையலாம். டோம்பெரிடோன் ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்பின் மின்தூண்டல் முடிந்து இதயம் மீண்டும் தயாராகும் நேரத்தை, நீட்டக்கூடியது. பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்த பெண்ணுக்கு இந்தக் கூட்டு ஆபத்தான துடிப்புக் கோளாறில் கொண்டுபோய் விடலாம். எடை குறைப்புக்காக விற்ற சிபுட்ராமின் மாத்திரையை மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால்தான் 2010இல் பல நாடுகள் நிறுத்தின. பெயர் தெரியாத "ஃபேட் பர்னர்" கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதே நல்லது.

ஆய்வகப் பணியாளர், காரைக்குடி:
ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை சரி. ஆனால் நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டை எப்போதும் நம்பிவிட முடியாது. கையில் கட்டிய பட்டையை அதிக நேரம் விட்டாலும், நரம்பு தெரிய முஷ்டியைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னாலும் அளவு கூடிக் காட்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் வீட்டில் எடுக்கும் ரத்தத்தைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தாலும் அப்படியே. உண்மையில் 3.1 இருப்பது 3.7 என்று வந்துவிடும். 2 மணி நேரத்துக்குள் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்தாக வேண்டும். கூடவே மெக்னீசியம், பாஸ்பேட், ஹீமோகுளோபின் பாருங்கள். மெக்னீசியம் குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் நிற்காது.

உணவியலாளர், காரைக்குடி:
நம் சமையலை விட்டு ஓட வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும், அதற்குத் தினம் சுமார் 500 கலோரி குறைக்க வேண்டும். மேற்பார்வை இல்லாமல் 1200க்குக் கீழே போகக் கூடாது. புரதம், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமாவது வேண்டும். குறைக்க வேண்டிய இடம் எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது, குழம்பில் மேலே மிதப்பதை எடுத்தாலே பெரிய மாற்றம். காயை வேகவைத்து நீரைக் கொட்டினால் பொட்டாசியமும் போய்விடும். மொச்சை போட்ட வெண்டைக்காய் மண்டியில் (செட்டிநாட்டுப் புளிக்குழம்பு வகை) அந்த நீர் குழம்பிலேயே தங்குகிறது, புரதமும் கிடைக்கிறது. கவுனி அரிசி சத்தானதுதான், ஆனால் சர்க்கரை, தேங்காய், நெய் சேர்ந்தபின் அது இனிப்புப் பலகாரம்.

மாதவிலக்கு 3 மாதம் நின்றுவிட்டால் டயட்டை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை முகூர்த்த நாள். பத்து நாள் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்தவள் திடீரென்று முழு இலைச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இன்சுலின் ஏறி, பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துவிடும். அடுத்த சில நாளில் கால் வீக்கம், மூச்சு வாங்கல், துடிப்புத் தவறுதல் வரலாம்.

செவிலியர்:
ஆமாம். அப்போது வீட்டார் "தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்" ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல், ரத்த உப்புகளைப் பார்க்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அதே சரிவு வேகமாகும். எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதைப் பாட்டில் தொங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.