புதுப்பிப்பு: நிலாவெளியில் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு

எங்கட கம்பனியிலிருந்து ஆறு பேர் இலங்கையில் திருகோணமலைக்குக் கிட்ட நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 7 பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கப் போகிறோம், எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

"ஸ்லைடை விடுங்கோ, நடிச்சுக் காட்டுங்கோ" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஒரு பிள்ளையிடம் ஆறு இலக்கம் எழுதிய துண்டைக் கொடுத்துவிட்டு, தெரியாத ஆள் மாதிரிப் போனில் கேட்டேன்: "தங்கச்சி, தவறுதலா உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு, சொல்லுங்கோ." உடனே வாசித்துவிட்டாள். அது வாட்ஸ்அப் கணக்கைத் திறக்க எஸ்எம்எஸ்ஸில் வரும் இலக்கம், அதைக் கொடுத்தால் கணக்கே போய்விடும் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

எதிர்பாராத விஷயம் ஒன்று: அநேகமான பிள்ளைகள் பாவிப்பது அம்மாவின் போன். மிரட்டல் வந்தாலும் வீட்டில் சொல்லமாட்டார்களாம், போனைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் அடுத்த சனிக்கிழமை தாய்மாரைக் கூப்பிட்டு, அவரவர் போனிலேயே வாட்ஸ்அப் இருபடிச் சரிபார்ப்பை (அந்த இலக்கத்தோடு நாமே வைக்கும் இரகசிய எண்ணையும் கேட்கும் பூட்டு) போட்டுக்கொடுத்தோம். பறிக்கமாட்டோம் என்று பிள்ளைகள் முன்னால் சொல்லவும் வைத்தோம்.

சிறுவர் உதவி இலக்கம் 1929ஐ எல்லாரும் கொப்பியின் பின்அட்டையில் எழுதிக்கொண்டார்கள்.